படகில் அடுப்பு: எந்த எரிபொருள், எப்படி வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் படகுக்கு எல்லா வேலையும் நடக்கும். இன்ஜினைப் பிரிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலைக்குப் பொத்தல் பார்ப்பார்கள். அடுப்பை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருடம் எந்த மூலையில் கிடந்ததோ அதே மூலையிலிருந்து, அதே வெடித்த ரப்பர் குழாயோடு மறுபடி கடலுக்குப் போகும். எங்கள் வீட்டுப் படகிலும் பல வருடம் அப்படித்தான். படகு வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே நாளில் போய்த் திரும்புகிற படகு. அடுப்பு தேவையா?

என்னைக் கேட்டால் தேவையில்லை. தூத்துக்குடி விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குள் கரை சேர்ந்துவிடும். அவ்வளவு நேரத்துக்குக் கட்டுச்சோறும், நல்ல ஃபிளாஸ்க் இரண்டில் டீயும் போதும். வள்ளம், ஃபைபர் படகு என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். வெளி இன்ஜினைக் கிளப்புவதற்கு ஒரு கேனில் பெட்ரோல் இருக்கும், ஓட்டுவதற்கு இன்னொரு கேனில் மண்ணெண்ணெய் இருக்கும், காலடியில் நைலான் வலை கிடக்கும், படகே பிசினால் ஆனது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் டீக்காக நெருப்பு மூட்ட வேண்டுமா?

தங்குகடலுக்குப் போகிறவர்கள் கதை வேறு. நாகப்பட்டினம், காசிமேடு படகுகள் பல நாள் தங்கும். குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் கொச்சியிலிருந்து கிளம்பினால் ஒரு மாதம், நாற்பது நாள்கூட ஆகும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளையும் சமைத்தாக வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அவர்களுக்குத்தான்.

கேஸா, மண்ணெண்ணெயா? எது நல்லது?

சூட்டைப் பார்த்தால் கேஸ். ஒரு கிலோ கேஸில் இருக்கும் வெப்பமும் ஒரு கிலோ மண்ணெண்ணெயில் இருக்கும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் திரி ஸ்டவ்வில் பாதிக்கு மேல் வீணாகப் போகும். நல்ல கேஸ் அடுப்பு மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலையைச் செய்ய இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மண்ணெண்ணெய் பிடிக்கும். அதோடு கரி இல்லை, வாடை இல்லை, திருப்பியதும் பற்றும்.

ஆனால் படகில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒழுகினால் அது எங்கே போகும் என்பது. மண்ணெண்ணெய் ஒழுகினால் தளத்தில் ஈரமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியும், துணியால் துடைக்கலாம். கேஸ் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கும். அதனால் நான் சொல்லும் விதி இதுதான்: சமையல் மேல்தளத்தில், காற்று நேராக அடிக்கிற இடத்தில் நடக்கிறதா, கேஸ் வையுங்கள். தளத்துக்குக் கீழே, நாலு பக்கமும் அடைத்த அறையில் நடக்கிறதா, கேஸைக் கீழே கொண்டுபோகாதீர்கள். அதைவிட நல்லது, சமையலை மேலே கொண்டுவருவது.

மண்ணெண்ணெய் சாது என்று நினைத்து ஏமாறவும் கூடாது. அதன் ஆவி நெருப்பைப் பிடிக்கும் வெப்பநிலைக்கு நம் நாட்டுத் தரக்கணக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு 35 டிகிரி செல்சியஸ். மே மாத வெயிலில் தளத்தில் கிடக்கும் கேன் அதைச் சுலபமாகத் தாண்டும்.

கேஸ் காற்றைவிடக் கனம் என்கிறார்கள். அதனால் படகில் என்ன வித்தியாசம்?

எல்லா வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. முதலாவது காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், இரண்டாவது இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால், கதவைத் திறந்துவிட்டால் தரையோடு பரவி வாசற்படி தாண்டி வெளியே போக வழியுண்டு. படகுக்கு வாசற்படி கிடையாது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தானே படகைக் கட்டுகிறோம்? அதே காரணத்தால் உள்ளே இறங்கிய கேஸும் வெளியே போகாது. தளத்து இடுக்கு வழியாக இறங்கி, இன்ஜின் அறைக்கும் கீழே, அழுக்குத் தண்ணீர் சேருகிற பில்ஜ் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? திரவமாக இருக்கும் கேஸ் ஒரு லிட்டர், ஆவியானால் சுமார் 250 லிட்டர் ஆகும். ஒரு கிலோ கசிந்தால் அரை கன மீட்டர் அளவுக்கு ஆவி. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே அது வெடிக்கத் தயார். ஒன்பது பங்கைத் தாண்டினால்தான் அடர்த்தி மிஞ்சிப் பற்றாது. ஆக ஒரு கிலோ கேஸ் 24 கன மீட்டர் காற்றை வெடிமருந்தாக்கும். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், ஆறடி உயரம் உள்ள இன்ஜின் அறையே சுமார் 20 கன மீட்டர்தான். இதற்கு முழு சிலிண்டர் காலியாக வேண்டாம், ராத்திரி மூடாமல் விட்ட ஒரு அடுப்புக் குமிழ் போதும்.

பற்ற வைக்க ஆள்கூட வேண்டாம். காலையில் இன்ஜினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டரில் ஒரு பொறி, தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்சில் ஒரு பொறி. டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு தொல்லை: காற்றோடு சேர்த்துக் கேஸையும் உறிஞ்சிக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும்.

அப்படியென்றால் சிலிண்டரை எங்கே நிறுத்துவது?

மேல்தளத்தில், படகோட்டும் அறையான வீல்ஹவுஸுக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில், வெயில் நேராக விழாத இடம். இன்ஜின் அறைக்கோ ஐஸ் கிடங்குக்கோ இறங்கும் மூடிக்குப் பக்கத்தில் வேண்டாம். புகைபோக்கியின் பக்கத்திலும் வேண்டாம்.

பெட்டி செய்து வைக்கிறீர்கள் என்றால், பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும், அந்த ஓட்டை கடலைப் பார்த்துத் திறக்க வேண்டும். சிறு படகுகளின் கேஸ் அமைப்புக்கான ஐஎஸ்ஓ 10239 தரம் சொல்வதும் இதைத்தான்: கசிந்தது கீழ்வழியாகப் படகுக்கு வெளியே வடிய வேண்டும். நம் ஊரில் ஆசாரியிடம் பெட்டி செய்யச் சொன்னால் பெரும்பாலும் மேலே அழகாக ஜன்னல் வைத்து, அடியை இறுக்கமாக அடைத்துக் கொடுப்பார்கள். தண்ணீர் ஏறக்கூடாதே என்ற அக்கறை. சொல்லி, அடியில் இரண்டு ஓட்டை போடச் செய்யுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நின்றபடி இருக்க வேண்டும். படுத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அடுப்பில் ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். கயிறு போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதாது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. ஆனால் சட்டென்று அவிழ்க்கிற மாதிரி கட்டுங்கள், ஏன் என்பது பின்னால் வருகிறது.

வீட்டு சிலிண்டரையே எடுத்துப்போகலாமா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். தொழில் நடக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவது கேஸ் விநியோகம் பற்றிய 2000ஆம் ஆண்டு ஆணைப்படி குற்றம். படகு தொழில் செய்யும் இடம்தான். பிடித்தால் அபராதம், பறிமுதல் என்பதெல்லாம் ஒருபுறம். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டுப் போகும்போது இது முதல் கேள்வியாக வந்து நிற்கும்.

சட்டப்படி வழி இரண்டு. ஒன்று 19 கிலோ வணிக சிலிண்டர். இன்னொன்று 5 கிலோ சின்ன சிலிண்டர், இண்டேன்காரர்கள் சோட்டு என்ற பெயரில் விற்பது. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். சின்னது கிலோ விலைக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஒரு கையால் தூக்கலாம், ஆட்டத்தில் உருண்டாலும் ஆளை நசுக்காது. நான்கைந்து பேர் போகும் சிறு படகுக்கு அதைத்தான் சொல்வேன்.

2021இல் இந்தியன் ஆயில் ஒரு கண்ணாடியிழை சிலிண்டரைக் கொண்டுவந்தது, 5 கிலோவிலும் 10 கிலோவிலும். துருப்பிடிக்காது, எடை குறைவு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். உப்புக்காற்றுக்கென்றே செய்தது போல இருக்கிறது. உங்கள் ஊர் ஏஜென்சியில் தொழிலுக்குக் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பத்து நாள் தங்கலுக்கு எவ்வளவு கேஸ் வேண்டும்?

பெரிய பர்னர் ஒன்று முழுத் தீயில் எரிந்தால் மணிக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். பத்துப் பேருக்குச் சோறு, குழம்பு, மூன்று முறை டீ என்று நாளுக்கு நாலு மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். நாளுக்கு ஒரு கிலோ. 19 கிலோ சிலிண்டர் இருபது நாள் வரை தாங்கும். பத்து நாளுக்கு ஒரு பெரியதும், கையிருப்பாக ஒரு சின்னதும் போதும். நாற்பது நாளுக்கு இரண்டு பெரியது, கூடவே ஒன்று. பயத்தில் நாலைந்து ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வைக்க இடமில்லாமல் கடைசியில் ஒன்று ஐஸ் கிடங்குக்குள் போகும். அதற்குக் குறைவாகக் கொண்டுபோவதே மேல்.

சிலிண்டர், குழாய், ரெகுலேட்டர் இவற்றில் எதைப் பார்க்க வேண்டும்?

உப்புக்காற்று முதலில் கடிப்பது சிலிண்டரின் அடி வளையத்தை. எப்போதும் ஈரத்தில் நிற்பதால் அங்கே பொருக்குப் பொருக்காகத் துரு உரியும். வாங்கும்போதே குனிந்து அடியைப் பாருங்கள், உரிந்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். படகில் ஒரு ரப்பர் பாய் அல்லது மரச்சட்டத்தின் மேல் நிறுத்துங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் A, B, C, D என்ற ஆங்கில எழுத்தில் ஒன்றும் பக்கத்தில் ஆண்டும் இருக்கும். முதல் எழுத்து என்றால் ஜனவரி முதல் மார்ச், அடுத்தது ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே மும்மூன்று மாதம். அந்தத் தவணை தாண்டியிருந்தால் சிலிண்டர் சோதனைக்குப் போக வேண்டியது, உங்கள் படகுக்கு வர வேண்டியதில்லை.

குழாய், கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயாக இருக்கட்டும். வீட்டில் ஐந்து வருடம் வரும். கடலில் வெயிலும் உப்பும் தின்பதால் நான் ஒவ்வொரு தடைக்காலத்திலும் மாற்றிவிடுவேன். ஒரு நாள் டீசல் செலவோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. குழாயை ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டவேண்டாம், இரண்டு துண்டை ஒட்டுப் போடவும் வேண்டாம். வெட்டிய சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகில் நான் டீ குடிக்கவில்லை.

ரெகுலேட்டரைக் கழற்றும்போது சிலிண்டர் வாயில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, நைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலில் நான் பார்த்த கசிவுகளில் பாதிக்கு மேல் அதனால்தான். மாட்டியதும் சோப்பு நுரை தடவுங்கள், நுரை குமிழியிட்டால் கசிகிறது என்று அர்த்தம். தீக்குச்சியைக் கிட்டே பிடித்துச் சோதிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சமைத்து முடித்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடி, குழாயில் மிஞ்சியது எரிந்து அணைந்த பிறகு அடுப்புக் குமிழை மூடுவது நல்ல பழக்கம். ராத்திரி குழாயில் கேஸ் நிற்காது.

நடுக்கடலில் கேஸ் வாடை வந்தால்?

முதலில், வாடையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கேஸுக்கு இயல்பில் வாசனை இல்லை. கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமெடுக்கும் பொருளைக் கலக்கிறார்கள். மீன் கவிச்சி, டீசல் புகை, வலைச்சேறு எல்லாம் கலந்த படகில் அது சட்டென்று மூக்கில் படாது. கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகிப்போகும்.

வாடை தெரிந்துவிட்டால் சிலிண்டரை மூடுங்கள். பீடி, சிகரெட் எல்லாம் கடலுக்கு. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். தண்ணீர் இறைக்கும் மின் பம்பைப் போட்டுக் கேஸை வெளியே தள்ளலாம் என்று சிலருக்குத் தோன்றும், அதுதான் மிக மோசமான யோசனை. எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, ஆட்கள் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனைக்கு, காற்று வரும் திசையில் போய் நில்லுங்கள்.

கேஸ் தானாக மேலே வராது, காற்று உள்ளே இறங்கித்தான் கலைக்க வேண்டும். பாய்த்துணியோ தார்ப்பாயோ பிடித்துக் காற்றைக் கீழே திருப்பலாம். கைப்பம்பு இருந்தால் அடியிலிருந்து இழுக்கலாம். பிளாஸ்டிக் வாளியால் பில்ஜிலிருந்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றலாம். ஊற்றும்போது வாளி காலியாகத்தான் தெரியும், பார்ப்பவர் சிரிப்பார். ஆனால் கனமான வாயு தண்ணீரைப் போல மொள்ள வரும், வெளிநாட்டுப் பாய்மரப் படகுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. வாடை முழுக்கப் போய் ஒரு மணி நேரமாவது ஆன பிறகே இன்ஜின் சாவியைத் தொடுங்கள்.

கேஸ் கசிவுக்கான 1906 எண் கரையில் இருப்பவர்களுக்கு. கடலில் உங்களுக்கு வேண்டியது வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554. கசிவு கட்டுக்குள் வராவிட்டால் பேசுவதற்குக் கையில் பிடிக்கும் செட்டை எடுத்துக்கொண்டு அணியத்துக்குப் போய்விடுங்கள்.

சிலிண்டரில் தீப்பிடித்தால் கடலில் தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா?

இதை எல்லோரும் கேட்கிறார்கள், எல்லோரும் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள். சிலிண்டர் மூழ்காது. 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33 லிட்டருக்கு மேல், இரும்பின் கனத்தையும் சேர்த்தால் வெளிப்பருமன் 35 லிட்டர். முழுதாக நிரப்பிய எடையோ 30 கிலோ சுற்றித்தான். ஆக மிதக்கும். வணிக சிலிண்டருக்கும் இதே கதைதான். எரிகிற சிலிண்டரைத் தள்ளினால் அது எரிந்துகொண்டே படகின் பக்கத்தில் ஆடி நிற்கும், உங்கள் ஃபைபர் பலகையை உரசிக்கொண்டு.

குழாயிலோ ரெகுலேட்டரிலோ சின்னத் தீ என்றால் நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பக்கத்திலிருந்து போய் ரெகுலேட்டர் குமிழை மூடுங்கள். கேஸ் நின்றால் தீ தானே நிற்கும். மூட முடியாமல் தீயை மட்டும் அணைத்தால், எரிந்து தீர வேண்டிய கேஸ் கீழே இறங்க ஆரம்பிக்கும். அது முன்னதைவிட மோசம். மூடவே முடியவில்லை என்றால் எரிய விட்டு, தள்ளி நின்று சிலிண்டர் உடம்பின் மேல் கடல்நீரை வாரி ஊற்றிக்கொண்டே இருங்கள், படகைத் திருப்பித் தீ வெளிப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். சிலிண்டர் உடம்பே நெருப்பில் வேகிறது என்றால் உயிர்க்கவசத்தோடு படகை விடுவதற்குத் தயாராக வேண்டியதுதான்.

தீ இல்லாமல் நிற்காத கசிவு மட்டும் இருந்தால், பட்டையை அவிழ்த்துக் காற்று போகும் பக்கமாகக் கடலில் இறக்கிவிட்டு விலகிப் போவது சரியான வேலை. மேலே சட்டென்று அவிழ்கிற கட்டு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். இன்ஜின் ஓடாவிட்டால் காற்றும் நீரோட்டமும் பிரித்துவிடட்டும், அவசரப்பட்டுக் கிளப்ப வேண்டாம்.

மண்ணெண்ணெய் என்றால் திரி ஸ்டவ்வா, பம்ப் ஸ்டவ்வா?

திரி ஸ்டவ். பம்ப் ஸ்டவ்வின் சூடு பிரமாதம், மறுக்கவில்லை. 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ் அடுப்பின் வழி வந்தது அது. துருவப் பயணம் போனவர்கள்கூட அதை நம்பித்தான் போனார்கள். ஆனால் அது ஒழுங்காக எரிய, முதலில் பர்னர் நன்றாகச் சுட வேண்டும். அரைகுறையாகச் சுட்டுப் பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி அடித்து மஞ்சள் தீயாக எழும்பும். ஆடாத தரையிலேயே பின் போட்டுக் குத்தி, ஊதி, பழகினவர்தான் அதைச் சமாளிப்பார். அலையில் யார் சமாளிப்பது?

திரி ஸ்டவ்வில் தொட்டியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், சாயும்போது வழியும். எரியும்போதும் சூடாக இருக்கும்போதும் ஊற்றக் கூடாது. திரிகள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், ஒன்று நீண்டால் அதுதான் கரியடிக்கும்.

ரேஷனில் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு வருடாவருடம் குறைந்துகொண்டே வருகிறது. கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டவ் வாங்குங்கள்.

இன்ஜினுக்குத்தான் டீசல் நிறைய இருக்கிறதே. அதையே ஊற்றினால்?

எரியும், ஆனால் சமைக்க முடியாது. டீசல் திரியில் சரியாக ஏறாது, கரும்புகை வரும், சோற்றிலும் அந்த வாடை ஏறும். குளிர்நாட்டுப் படகுகளில் டீசலுக்கென்றே செய்த அடுப்புகள் உண்டு, புகைபோக்கியோடு கனமாக இருக்கும். நம் வெக்கைக்கு அது தண்டனை.

மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலப்பது மட்டும் விளையாட்டில்லை. பெட்ரோல் ஆவி பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி கீழேயும் பற்றும். வேண்டுமென்று யாரும் கலப்பதில்லை, கேன் மாறிப்போவதுதான் நடக்கிறது. என் சின்ன வயதில் எங்கள் படகில் ஒருமுறை அப்படி நடந்தது. இருட்டில் சித்தப்பா கேனை எடுத்தார், நல்லவேளையாக ஊற்றும் முன்பே வாடை அவருக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து எங்கள் பெட்ரோல் கேனின் கைப்பிடியில் கயிற்று முடிச்சு இருக்கும், இருட்டில் கை தடவினாலே தெரியும். நிறம் மாற்றி வாங்குவதைவிட இது நல்ல ஏற்பாடு.

விறகும் கரியும்?

முன்பெல்லாம் தோணிகளில் மணல் பரப்பிய பெட்டிக்குள் விறகடுப்பு வைத்துச் சமைத்தார்கள். மரத்தளம், பருத்தி வலை, டீசல் இல்லாத காலம். இன்றைக்கு ஒரு பொறி பறந்து வலைக்குவியலில் விழுந்தால் அது உருகி ஒழுகிக்கொண்டே எரியும். வேண்டாம்.

ஸ்பிரிட் அடுப்பு பாதுகாப்பானது என்று படித்தேனே?

ஐரோப்பா, அமெரிக்காவில் சிறு பாய்மரப் படகுகளில் ஸ்பிரிட் அடுப்புக்கு நல்ல பெயர் உண்டு. தீயைத் தண்ணீரால் அணைக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் சூடு, மண்ணெண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றி, கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

நம் ஊரில் அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. எரிக்க விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், அது குடித்தால் கண்ணையும் உயிரையும் எடுக்கும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து எத்தனை பேர் போனார்கள் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். இருபது நாள் கடலில் கிடக்கிற ஆட்களுக்கு நடுவே, சாராயம் போலவே தெரிகிற ஒரு கேனை நான் வைக்க மாட்டேன்.

இண்டக்‌ஷன் அடுப்பு?

2,000 வாட் அடுப்பு 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனி ஜெனரேட்டர் உள்ள பெரிய படகுக்குச் சரி. மற்றவர்களுக்கு விளக்கும் வயர்லெஸ்ஸும் முக்கியம்.

மழையில் வீல்ஹவுஸுக்குள் அடுப்பை வைத்துக் கதவைச் சாத்தலாமா?

கதவைச் சாத்தக் கூடாது. எந்த எரிபொருளாக இருந்தாலும், காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. கடலில் இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், கடல் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் படுத்துக்கொள் என்பார்கள். படுத்தவர் எழமாட்டார். கடலில் பழகின ஆள் திடீரென்று குமட்டுகிறது என்றால், அதுவும் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னால், அவர்களை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்தால் அடுப்பு மூச்சுத் திணறுகிறது. பர்னர் ஓட்டைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், உப்பு அடைத்திருக்கும். குளிருக்காக அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தூங்குவது எந்தக் காலத்திலும் கூடாது.

படகு ஆடும்போது எப்படிச் சமைப்பது?

அடுப்பை இரும்புச் சட்டத்துக்குள் வைத்துத் தளத்தோடு முடுக்குங்கள். சட்டத்தின் விளிம்பு பாத்திரத்தின் பாதி உயரத்துக்காவது வர வேண்டும். ஆழமான பாத்திரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மட்டும் நிரப்புங்கள். கடலுக்கு மிகப் பொருத்தமானது பூட்டுகிற மூடியுள்ள குக்கர். கவிழ்ந்தாலும் கஞ்சி காலில் கொட்டாது, கேஸும் மிச்சம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு விசில் குறைத்து இறக்கி, சாக்கில் சுற்றி வைத்தால் மீதி வேக்காடு அதுவே பார்த்துக்கொள்ளும்.

அடுப்பின் முன் சப்பணமிட்டு உட்காராதீர்கள், கொட்டினால் எழ முடியாது. மடித்துக் கட்டிய லுங்கி வேண்டாம், பருத்திக் கால்சட்டையோடு நில்லுங்கள். பாலியஸ்டர் பனியன் உருகித் தோலோடு ஒட்டும். கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் சமையலே வேண்டாம். அவல், வெல்லம், புளிச்சோறு, பிஸ்கட் அந்த நாளுக்கென்று ஒரு டப்பாவில் தனியாக இருக்கட்டும்.

மீன் பொரிக்கிற எண்ணெய் தீப்பிடித்தால்?

தண்ணீர் கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கிய தண்ணீர் ஒரே நொடியில் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, எரிகிற எண்ணெயைச் சுற்றி இருப்பவர் மேல் தூக்கியெறியும். அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். உலர் பொடி தீயணைப்பான் ஒன்றை அடுப்புக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருந்தால் தீயைத் தாண்டிக் கை நீட்டி எடுக்க வேண்டியிருக்கும். முள் பச்சையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தங்கலுக்கு முன்பும் பாருங்கள். என்னைக் கேட்டால், தங்குகடல் படகில் மீன் பொரிக்கவே வேண்டாம். குழம்பு வையுங்கள், கடலில் அதற்கு ஈடு உண்டா?

சுட்டுக்கொண்டால் முதலில் என்ன?

இருபது நிமிடம் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் கேனைத் திறக்கத் தயங்காதீர்கள். மோதிரம், கயிறு, கடிகாரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். பற்பசை, இங்க், மீன் எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் உறையை அல்லது நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மேலே போர்த்துங்கள். முகம், கைகள், இடுப்புக்குக் கீழ் என்றாலோ, உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம் என்றாலோ வலையை வெட்டிவிட்டாவது கரைக்குத் திரும்புங்கள். வரும் வழியிலேயே 16ஆம் சேனலில் சொல்லிவிட்டால், துறைமுகத்தில் 108 வண்டி வந்து நிற்கும்.